நீலகிரி செம்மறியின் ரோமத்தில் உடைகளும் சிறு பொருட்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரி மலையில் நாங்கள் வளர்க்கும் செம்மறி ஆடுகளின் ரோமத்தைப் பண்ணையிலேயே கத்தரித்து, கழுவி, நூலாக நூற்று, ஸ்வெட்டர், குல்லாய், சால்வை, காலுறை, பை போன்றவற்றைச் செய்து வருகிறோம். வாங்க வருபவர்களும், தாங்களே செய்து பார்க்க விரும்புபவர்களும், ஆடு வளர்க்க நினைப்பவர்களும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே தொகுத்திருக்கிறோம். இவற்றில் நாங்கள் திரும்பத் திரும்ப வலியுறுத்துவது ஒன்றுதான்: எந்த உடையைச் செய்ய வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு அதற்கு ரோமத்தைத் தேடக் கூடாது, கையில் இருக்கும் ரோமம் எதற்குத் தகுதியானது என்பதைப் பார்த்த பிறகே உடையை முடிவு செய்ய வேண்டும்.

இது எந்த இன ஆடு?

நீலகிரி இனம். பத்தொன்பதாம் நூற்றாண்டில், கோயம்புத்தூர்ப் பகுதியின் உள்ளூர்ச் செம்மறிகளோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் ஆகிய வெளிநாட்டு இனங்களின் கிடாக்கள் கலந்து உருவானது இது. நடுத்தர உடலும் பெரும்பாலும் வெள்ளை நிறமும் கொண்டது; சிலவற்றின் முகத்திலும் உடலிலும் பழுப்புத் திட்டுகள் இருக்கும். தென்னிந்தியாவில் மெல்லிய ரோமம் தரும் உள்நாட்டு இனம் என்று சொல்லத்தக்கது இது ஒன்றுதான். மற்றவை இறைச்சிக்காக வளர்க்கப்படும் முடி ஆடுகள், அல்லது முரட்டுக் கம்பளிக்கு மட்டும் பயன்படும் ரோமம் உடையவை.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் இந்த இனம் பேணப்படுகிறது. அங்கே நீலகிரி ஆட்டோடு வெளிநாட்டு மெல்லிய ரோம இனங்களைக் கலந்து ‘சாண்டினோ’ என்ற கலப்பினமும் உருவாக்கப்பட்டது. ஆனால் ஊர்ப்புறத்தில் நீலகிரி ஆடு பெரிதும் குறைந்துவிட்டது. மேய்ச்சல் நிலங்கள் தேயிலைத் தோட்டங்களாகவும் மரத்தோப்புகளாகவும் மாறியதும், ரோமத்திற்கு விலை கிடைக்காததால் வளர்ப்போர் இறைச்சி எடை கூடும் கலப்பினங்களுக்கு மாறியதும் இதற்கு முக்கியக் காரணங்கள். ரோமத்தைப் பயன்படுத்துவோர் இல்லாமல் போனால் ரோமத்திற்காக உருவான ஓர் இனத்தை வைத்திருக்க எந்த வளர்ப்பாளருக்கும் காரணம் இருக்காது என்பதால்தான், நாங்கள் இதை விற்பனைக்கான தொழிலாக மட்டும் பார்க்கவில்லை.

மெரினோவைப் போல மென்மையாக இருக்குமா?

அந்த அளவுக்கு இருக்காது. கம்பளியின் மென்மையை இழையின் விட்டத்தை வைத்தே அளக்கிறார்கள். மெரினோ என்று கடைகளில் விற்கப்படுவது 24 மைக்ரானுக்கும் குறைவான விட்டமுடையது (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). நீலகிரி ஆட்டின் ரோமம் சராசரியாக 27 மைக்ரான் அளவில் இருக்கும். 30 மைக்ரானுக்கு மேல் தடித்த இழைகள் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் இருந்தால் தோலில் குத்தும் உணர்வு பலருக்குத் தோன்றும். சராசரி 27 என்றாலும் அதற்குள் 20 மைக்ரான் இழையும் 35 மைக்ரான் இழையும் கலந்திருக்கக் கூடும். எனவே கழுத்தை ஒட்டி அணியும் பொருளா, சட்டைக்கு மேல் அணியும் பொருளா என்பதைப் பொறுத்து ரோமத்தைப் பிரித்தெடுப்பது அவசியமாகிறது.

மறுபுறம், மெரினோவுக்கு இல்லாத நல்ல குணம் ஒன்று இதற்கு உண்டு. சற்றே தடித்த இழை என்பதால் உரசலைத் தாங்கும். முழங்கையிலும் அக்குளிலும் சிறு உருண்டைகள் திரள்வது குறைவு. தினமும் வேலைக்கு அணியும் ஸ்வெட்டருக்கு நாங்கள் தயக்கமின்றி இதையே பரிந்துரைப்போம்.

ஒரு ஸ்வெட்டருக்கு எத்தனை ஆடுகளின் ரோமம் தேவைப்படும்?

ஏறத்தாழ இரண்டு. ஆஸ்திரேலிய மெரினோ ஆடு ஒன்று ஆண்டுக்குச் சராசரியாக நான்கு, ஐந்து கிலோ ரோமம் தரும். எங்கள் பெட்டை ஆடு ஒன்றிலிருந்து ஆண்டுக்குக் கிடைப்பது அரை கிலோவுக்குச் சற்று அதிகம். நன்கு வளர்ந்த கிடா என்றால் ஒரு கிலோவை நெருங்கும். அழுக்கு, எண்ணெய்ப் பசை, வியர்வை உப்பு எல்லாம் கழுவும்போது போய்விடுவதால் எடையில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறையும். பிறகு சிக்கெடுக்கும்போதும் நூற்கும்போதும் இன்னும் கொஞ்சம் கழியும். கடைசியில் ஓர் ஆட்டிலிருந்து 300, 350 கிராம் நூல் கிடைத்தால் நல்ல கணக்கு. பெரியவர்களுக்கான முழுக்கை ஸ்வெட்டருக்கு 500 முதல் 600 கிராம் நூல் தேவை. குல்லாய்க்கு 70 கிராம், ஒரு ஜோடிக் காலுறைக்கு 100 கிராம், மஃப்ளருக்கு 150 முதல் 200 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ரோமத்தைக் கத்தரிப்பது ஆட்டுக்குத் துன்பம் இல்லையா?

கத்தரிக்காமல் விடுவதுதான் துன்பம். இந்த ரோமம் தானாக உதிராது. வளர்ந்துகொண்டே போனால் மழையில் நனைந்து கனக்கும், சாணம் ஒட்டி ஈ மொய்க்கும், வெயில் நாளில் ஆடு மூச்சுவாங்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இங்கே உறைபனி விழும் என்பதால் அந்த மாதங்களில் ஆட்டின் மேல் ரோமம் இருக்க வேண்டும். ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்குள் வெட்டிய இடத்தில் ஓரளவு வளர்ந்திருக்கவும் வேண்டும். ஆகவே மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரலுக்குள் கத்தரித்துவிடுகிறோம்.

முதல் நாள் மாலையிலிருந்தே ஆட்டுக்குத் தீனி வைப்பதில்லை. வயிறு நிரம்பியிருந்தால் உட்கார வைக்கும்போது அது திணறும். ஆட்டைப் பின்பக்கமாக உட்கார வைத்து, முதுகை நம் முழங்காலில் சாய்த்துக்கொண்டால் பெரும்பாலும் அசையாமல் இருக்கும். தோலை ஒரு கையால் இழுத்துப் பிடித்து, மறுகையால் தோலை ஒட்டி ஒரே வெட்டாக வெட்ட வேண்டும். மேலே வெட்டிவிட்டு மிச்சத்தை மறுபடி வெட்டினால் அரை அங்குலத் துண்டுகள் விழும். அவற்றை நூற்க முடியாது. நூலுக்குள் புகுந்துவிட்டால் முடிச்சு முடிச்சாகத் தெரியும்.

ஆஸ்திரேலியப் பண்ணைகள் சிலவற்றில் மெரினோ ஆட்டின் வால்பகுதித் தோலை வெட்டியெடுக்கும் ‘மியூல்சிங்’ முறையைப் பற்றிச் சிலர் கேட்கிறார்கள். அங்குள்ள ஆடுகளின் மடிப்பு மடிப்பான தோலில் ஈ முட்டையிடுவதைத் தடுக்கச் செய்யப்படுவது அது. எங்கள் ஆடுகளுக்கு அதற்கான தேவையே இல்லை; நாங்கள் செய்வதும் இல்லை.

வெட்டிய ரோமத்தை எப்படித் தரம் பிரிக்கிறீர்கள்?

உடையின் தரத்தை நிர்ணயிப்பது இந்த வேலைதான். நூற்பிலும் பின்னலிலும் என்ன திறமை இருந்தாலும் இங்கே விட்ட தவறை அங்கே சரிசெய்ய முடியாது. கத்தரித்து முடித்த ரோமம், எண்ணெய்ப் பசையால் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு ஒரே போர்வையாக வரும். அதைக் கம்பிவலை அடித்த மேசையின் மேல், வெட்டுப்பட்ட பக்கம் கீழே இருக்குமாறு விரித்து, லேசாக உதறினால் குட்டைத் துண்டுகளும் மண்ணும் வலை வழியே கீழே விழுந்துவிடும்.

பிறகு ஓரங்களைக் கழிக்க வேண்டும். வயிற்றடி, கால், வால் பகுதி ரோமம் குட்டையாகவும் அழுக்காகவும் இருக்கும் என்பதால் அதைத் தனிக் கூடையில் போடுகிறோம். கழுத்தின் மேற்புறத்தில் தீனித் தூசியும் முள்ளும் ஏறியிருக்கும். தோள் பகுதியிலிருந்து விலாவின் முன்பாதி வரைதான் ஓர் ஆட்டின் மிக மெல்லிய ரோமம் இருக்கிறது. தொடையை நோக்கிப் போகப்போக இழை தடித்து, சுருளும் குறைந்துவிடும். ஒரு கற்றையைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும்: தோள் ரோமத்தில் அலை அலையான சுருள்கள் நெருக்கமாக இருக்கும், தொடை ரோமத்தில் அவை அகன்று, இடையிடையே சுருளே இல்லாத வெள்ளை முடிகள் நேராக நீட்டிக்கொண்டிருக்கும். அந்த முடியின் நடுவே தக்கை போன்ற உள்ளீடு இருப்பதால் அது வளையாது, சாயமும் ஏற்காது, குத்துவதும் அதுதான்.

கற்றையின் இரு முனைகளையும் பிடித்துக் காதருகே வைத்து வெடுக்கென்று இழுத்துப் பார்ப்போம். கணீரென்று ஒலித்தால் உறுதியான இழை. சரசரவென்று பிரிந்தால் நடுவில் நலிவு இருக்கிறது. ஆடு நோயுற்றிருந்த காலத்திலோ, தீனி குறைந்த காலத்திலோ வளர்ந்த பகுதி மட்டும் மெலிந்துபோய் அங்கே அறுந்துவிடும். அத்தகைய ரோமத்தை நூற்பதைவிட, ரோமத்தை அப்படியே இறுக்கிச் செய்யும் விரிப்பான ஃபெல்ட் செய்வதற்கு ஒதுக்கிவிடுவது நல்லது.

வீட்டிலேயே கழுவ முடியுமா? என்னுடைய ரோமம் கட்டி கட்டியாகிவிட்டதே!

முடியும். கட்டியானதற்குக் காரணம், சூடு இருக்கும்போது அலசியதோ கசக்கியதோதான். கம்பளி இழையின் மேற்புறத்தில் மீன் செதிலைப் போன்ற அடுக்குகள் ஒரே திசையை நோக்கி இருக்கின்றன. ஈரமும் சூடும் அசைவும் ஒன்றுசேர்ந்தால் இழைகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, செதில்கள் மாட்டிக்கொண்டு திரும்ப வர முடியாமல் இறுகிவிடும். சூடான நீர் மட்டும் கெடுதல் செய்யாது, அசைவு மட்டும் அதிகக் கெடுதல் செய்யாது. இரண்டும் சேரும்போதும், சூட்டிலிருந்து திடீரென்று குளிர்ந்த நீருக்கு மாற்றும்போதும்தான் ரோமம் வீணாகிறது.

நாங்கள் முதல் நாள் இரவு பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துவிடுகிறோம். மண்ணும் வியர்வை உப்பும் அதிலேயே பெருமளவு இறங்கிவிடும். அந்த நீரில் பொட்டாசியம் இருப்பதால் காய்கறிப் பாத்திக்கு ஊற்றுகிறோம். மறுநாள் ரோமத்தைச் சிறு சிறு பகுதியாக வலைப் பைகளில் தளர்வாக நிரப்பி, 60 முதல் 65 டிகிரி சூடுள்ள நீரில் மெல்ல அமிழ்த்துகிறோம். ரோமத்தின் எண்ணெயான லனோலின் 40 டிகிரியை ஒட்டித்தான் உருகும் என்பதால் இந்தச் சூடு தேவை. கால் மணி நேரம் அசைக்காமல் வைத்திருந்து, நீர் 45 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்குள் வெளியே எடுத்துவிட வேண்டும். ஆறவிட்டால் பிரிந்த எண்ணெய் மீண்டும் ரோமத்திலேயே படிந்து பிசுபிசுக்கும். அடுத்த நீரும் ஏறக்குறைய அதே சூட்டில் இருக்க வேண்டும். சோப்புநீர் இரண்டு முறை, வெறும் நீர் இரண்டு மூன்று முறை.

துணி துவைக்கும் சோடா, காரமான சலவைத்தூள் இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். காரம் கம்பளியின் புரதத்தைக் கரைத்து இழையைச் சொரசொரப்பாக்கிவிடும். பூந்திக்கொட்டையைக் கொதிக்கவைத்து வடிகட்டிய நீர் எங்களுக்கு நன்றாகவே பயன்படுகிறது. எண்ணெய்ப் பசை மிகுந்த கிடா ரோமத்திற்கு மட்டும் காரமில்லாத திரவச் சோப்பைச் சேர்த்துக்கொள்கிறோம். பிழிய வேண்டாம், வலைப் பையோடு துண்டில் வைத்து அழுத்தி, நிழலில் உலர்த்தினால் போதும். இலேசாக எண்ணெய் தங்கியிருந்தாலும் கவலையில்லை, நூற்கும்போது அது கைக்கு இதமாக இருக்கும்.

நூற்பதற்கு ராட்டை அவசியமா?

இல்லை. கையால் சுழற்றும் சிறு கதிரான தக்ளி போதும். முதலில் தக்ளியில் பழகுபவர்களுக்கு முறுக்கு எப்படி ஏறுகிறது என்பது விரல்களில் நன்றாகப் பதிகிறது. பருத்தித் தக்ளி மிகவும் இலேசானது என்பதால் கம்பளிக்குச் சற்றுக் கனமானதைத் தேர்ந்தெடுக்கவும். அளவு கூடும்போது காலால் மிதிக்கும் ராட்டை வசதி.

ஒரே ரோமத்திலிருந்து மென்மையான நூலும் உறுதியான நூலும் எப்படி வருகின்றன?

நூற்பதற்கு முன் இழைகளை எப்படி அடுக்குகிறோம் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. கம்பிப் பற்கள் பதித்த இரண்டு பலகைகளுக்கு இடையே ரோமத்தை வாரி, சுருட்டி, அந்தச் சுருளின் முனையிலிருந்து நூற்றால் இழைகள் பல திசைகளிலும் கிடக்கும். இடையிடையே காற்று தங்கும். நூல் உப்பலாகவும் எடை குறைவாகவும் கதகதப்பாகவும் இருக்கும். அதற்கு மாறாக, நீண்ட பற்கள் கொண்ட சீப்பால் வாரி, குட்டை இழைகளைக் கழித்து, மீதியை ஒரே திசையில் நீவி நூற்றால் நூல் வழவழப்பாகவும் உறுதியாகவும் வரும். நீலகிரி ரோமத்தின் நீளம் ஏழெட்டு சென்டிமீட்டர்தான் என்பதால் முதல் முறையே இதற்கு இயல்பாகப் பொருந்துகிறது. நீளமான கற்றைகளைத் தனியே எடுத்துவைத்துச் சீப்பால் வாருவதும் உண்டு. ஆனால் அதில் கழிவு அதிகம்.

நூற்ற ஒற்றைப் புரியை அப்படியே பின்னினால் உடை ஒரு பக்கமாகச் சாயும். வலப்புறம் சுழற்றி நூற்ற இரண்டு புரிகளைச் சேர்த்து இடப்புறமாக முறுக்கும்போது முறுக்குகள் ஒன்றையொன்று சமன்செய்துகொள்ளும். பின்னர் சிட்டமாகச் சுற்றி, நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துத் தொங்கவிடுகிறோம். சிட்டம் முறுக்கிக்கொள்ளாமல் நேராகத் தொங்கினால் நூல் சரியாக அமைந்திருக்கிறது என்று பொருள்.

எந்தப் பொருளுக்கு எந்த நூல்?

ஸ்வெட்டருக்கும் குல்லாய்க்கும் பலகையால் வாரிய ரோமத்தில் இருபுரி நூல். தோள் ரோமம் முழுவதையும் சால்வைக்கும் குழந்தைகளின் உடைகளுக்கும் ஒதுக்குகிறோம். கழுத்தைத் தொடும் மஃப்ளருக்கும் அதுவே. விலா ரோமம் ஸ்வெட்டருக்கு. தொடை ரோமத்தைத் தனியே நூற்று, பை, மேசை விரிப்பு, தரைவிரிப்பு ஆகியவற்றுக்கு வைத்துக்கொள்கிறோம். இதை ஸ்வெட்டரில் கலந்தால் எடை கூடும், விற்பனை கூடும், அணிபவர் ஒரே குளிர்காலத்தில் அதைப் பெட்டியில் போட்டுவிடுவார்.

காலுறைதான் கடினமான பொருள். குதிகாலிலும் பெருவிரல் பகுதியிலும் ஓயாத உரசல் இருப்பதால் இருபுரி நூல் விரைவில் தேய்ந்துவிடுகிறது. முறுக்கு அதிகமான முப்புரி நூலை, வழக்கத்தைவிடச் சிறிய பின்னூசியில் நெருக்கமாகப் பின்னினால் ஆயுள் கூடும். கடைகளில் விற்கும் கம்பளிக் காலுறைகளில் கால் பங்கு வரை நைலான் சேர்க்கிறார்கள். நாங்கள் சேர்ப்பதில்லை, அதனால் எங்கள் காலுறையைச் செருப்பின்றித் தரையில் தேய்த்து நடக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

பின்னத் தொடங்குவதற்கு முன் பத்து சென்டிமீட்டர்ச் சதுரம் ஒன்றைப் பின்னி, அதைக் கழுவி உலர்த்தி, பிறகே கண்ணிகளை எண்ணவும். கையால் நூற்ற நூல் முதல் கழுவலில் உப்பிப் பருக்கும். கழுவாமல் எண்ணிய கணக்கில் பின்னிய ஸ்வெட்டர் அளவு மாறிவிடும்.

தறியில் நெய்யலாமா?

நெய்யலாம். நீளவாட்டில் ஓடும் பாவு நூல் ஓயாமல் இழுபடுவதும் உரசுவதும் உண்டு என்பதால் அதற்குச் சீப்பால் வாரிய உறுதியான நூலும், குறுக்கே ஓடும் ஊடைக்கு உப்பலான நூலும் நல்ல சேர்க்கை. தக்காணத்தில் ஆட்டு ரோமத்தில் கம்பளி நெய்யும் குறும்பர் சமூகத்தினர் புளியங்கொட்டைக் கஞ்சியைப் பாவில் பூசி விறைப்பாக்கிக்கொள்வார்கள். அதனால் இழைகள் ஒன்றோடொன்று மாட்டாமல் இருக்கும். நாங்களும் அதையே பின்பற்றுகிறோம். தறியிலிருந்து இறக்கிய துணி வலைபோல் இடைவெளியோடு இருந்தால் பதற வேண்டாம். வெதுவெதுப்பான சோப்புநீரில் சற்று மிதித்தால் இழைகள் நெருங்கித் துணி முழுமையடையும்.

ஃபெல்ட் என்றால் என்ன? அதில் என்ன செய்யலாம்?

கழுவும்போது நாம் அஞ்சும் அதே இறுகலை வேண்டுமென்றே வரவழைப்பதுதான் ஃபெல்ட். வாரிய ரோமத்தைக் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய அடுக்குகளாகப் பரப்பி, சூடான சோப்புநீர் தெளித்து, உள்ளங்கையால் தேய்த்து, பின்பு பாயில் சுருட்டி உருட்டினால் நெசவும் பின்னலும் இல்லாத கெட்டியான விரிப்பு கிடைக்கும். வெட்டினாலும் ஓரம் பிரியாது. தொப்பி, வீட்டுக்குள் அணியும் காலணி, கைப்பேசி உறை, செருப்புக்குள் வைக்கும் அட்டை ஆகியவற்றுக்கு மிக ஏற்றது. அளவில் மூன்றில் ஒரு பங்கு குறைந்து சுருங்கிவிடும் என்பதால் தொடக்கத்திலேயே பெரிதாகப் பரப்ப வேண்டும். முதல் பத்து நிமிடம் விரல் நுனியால் மட்டும் தொட வேண்டும். அவசரப்பட்டு அழுத்தித் தேய்த்தால் அடுக்குகள் நகர்ந்து ஓட்டை விழும்.

சாயம் எங்கிருந்து?

பாதிக்கு மேற்பட்ட பொருட்களுக்குச் சாயமே இடுவதில்லை; வெள்ளையையும் பழுப்பையும் தனித்தனியே நூற்று இரண்டையும் சேர்த்து முறுக்கினாலே அழகான கலப்பு நிறம் வருகிறது. சாயமிடுவதற்கு மலையிலேயே பொருட்கள் இருக்கின்றன. கற்பூர மர (யூகலிப்டஸ்) இலைகளை நெடுநேரம் கொதிக்கவைத்தால், வேறெதுவும் சேர்க்காமலே பழுப்பிலிருந்து செங்காவி வரை நிறம் கம்பளியில் பிடிக்கும். சீகை மரப்பட்டையில் (வாட்டில் மரம்) துவர்ப்புப் பொருள் மிகுதி. அதோடு துரு ஊறிய நீரைச் சேர்த்தால் சாம்பல் நிறம். வெங்காயத்தோலுக்கும் துலுக்க சாமந்திக்கும் மஞ்சிட்டிக்கும் படிகாரம் தேவை. கம்பளி எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் படிகாரத்தைக் கரைத்து, நூலை முதலில் அதில் மெல்லச் சூடாக்கி எடுக்க வேண்டும். மஞ்சள் கிழங்கின் நிறம் வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடுவதால் அதை விட்டுவிட்டோம். அவுரி நீலம் கம்பளியில் மிக நன்றாக ஏறும். ஆனால் பருத்திக்குப் பயன்படுத்தும் அளவுக்குக் காரம் சேர்த்தால் கம்பளி கெட்டுவிடும். தொட்டியில் காரத்தைக் குறைத்து, வெதுவெதுப்பாக வைத்துக்கொள்ள வேண்டும்.

தோடர் எம்பிராய்டரி இந்த ரோமத்தில் செய்யப்படுவதா?

இல்லை. தோடர்கள் எருமை வளர்ப்பவர்கள். அவர்களுடைய போர்வை பருத்தித் துணி. அதன் மேல் சிவப்பு, கறுப்பு நிறக் கம்பளி நூலால், துணியின் இழைகளை எண்ணி எண்ணித் தையல் போடுவார்கள். நூல் கடையில் வாங்குவது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கலை அவர்களுக்குரியது. அதன் வடிவங்களை எங்கள் பொருட்களில் நாங்கள் பயன்படுத்துவதில்லை.

ஊட்டியில் வாங்கிய ஸ்வெட்டர் உண்மையான கம்பளிதானா என்று எப்படி அறிவது?

‘வுல்லன்’ என்று சொல்லி விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை அக்ரிலிக் என்ற செயற்கை இழை. உள்பக்கத் தையலிலிருந்து ஒரு சிறு நூல் துண்டை எடுத்து, உலோகத் தட்டின் மேல் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி தயங்கித் தயங்கி எரியும், நெருப்பை எடுத்ததும் அணையும், தலைமுடி கருகும் நாற்றம் வரும், சாம்பலை விரலால் பொடியாக்கலாம். அக்ரிலிக் உருகிச் சொட்டி, ஆறியதும் கெட்டியான கறுப்பு மணியாக நிற்கும். அக்ரிலிக் உடுத்துவது தவறில்லை, விலை குறைவு, துவைப்பது எளிது. ஆனால் கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் ஈரமாகத் தோன்றாது. மூடுபனியில் நாள்முழுதும் நடப்பவருக்கு அந்த வேறுபாடு உடலில் தெரியும்.

வாஷிங் மெஷினில் போடலாமா?

வேண்டாம். மெஷினில் போடத்தக்கதாக விற்கப்படும் கம்பளியின் செதில்கள் குளோரினால் அரிக்கப்பட்டு மேலே பிசின் பூசப்பட்டவை. எங்கள் நூல் அப்படிச் செய்யப்பட்டதல்ல. 30 டிகிரிக்கு மேற்படாத நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, துண்டில் சுருட்டி அழுத்தி, தட்டையாக விரித்து நிழலில் உலர்த்தவும். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் நீண்டுவிடும். அடிக்கடி துவைக்க வேண்டிய தேவையும் இல்லை. ஓர் இரவு காற்றாட விட்டாலே வாடை போய்விடும்.

எனக்குக் கம்பளி ஒவ்வாமை இருக்கிறது. அணியலாமா?

பலருக்கு ஏற்படுவது ஒவ்வாமை அல்ல. தடித்த இழைகளின் முனை தோலில் குத்துவதால் வரும் எரிச்சல். முழுக்கைச் சட்டைக்கு மேல் அணிந்தால் அது இராது. லனோலினுக்கு உண்மையான ஒவ்வாமை சிலருக்கு உண்டு; மருத்துவர் அப்படிச் சொல்லியிருந்தால் தவிர்ப்பதே நல்லது.

பூச்சி அரிக்காமல் எப்படி வைப்பது?

அரிப்பது பறக்கும் அந்துப்பூச்சி அல்ல, அதன் புழு. வியர்வையும் உணவுக் கறையும் படிந்த இடத்தைத்தான் அது முதலில் தேடும். ஆகவே துவைத்து, முழுவதும் உலர்த்திய பிறகே எடுத்துவைக்க வேண்டும். வசம்பும் வேப்பிலையும் பூச்சி அண்டுவதைக் குறைக்கும், ஏற்கெனவே உள்ளே இருக்கும் புழுவைக் கொல்லாது. ஓட்டை தென்பட்டால் உடையைக் காற்றுப் புகாத பையில் கட்டி ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்து, வெளியே எடுத்து இரண்டு நாள் விட்டு, மீண்டும் ஒரு வாரம் வையுங்கள்.

விலை ஏன் இவ்வளவு?

ஒரு ஸ்வெட்டரைப் பின்னுவதற்கு ஆகும் நேரத்தைவிட அதற்கான நூலை நூற்பதற்கு அதிக நேரம் ஆகிறது. அதற்கு முன் வாரும் வேலை, அதற்கும் முன் தரம் பிரிக்கும் வேலை. இவற்றைச் செய்யும் பெண்களுக்குத் தேயிலைத் தோட்டக் கூலிக்குக் குறையாத கூலி தர வேண்டும் என்பதில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம். விலையில் பெரும்பகுதி அதுவே.

சமவெளியில் இந்த ஆட்டை வளர்க்க முடியுமா?

பரிந்துரைக்க மாட்டோம், இது குளிரும் மூடுபனியும் பழகிய இனம். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் உள்ள மத்தியச் செம்மறி மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல மையத்தில் மெல்லிய ரோமம் தரும் பாரத் மெரினோ ஆடுகளைப் பேணுகிறார்கள்; பழனி மலைப் பகுதியில் இருப்பவர்கள் அங்கே கேட்கலாம். சமவெளியில் இருப்பவர்கள் கோயம்புத்தூர்க் குறும்பை, திருச்சி கருப்பு ஆகியவற்றின் ரோமத்தைப் பார்க்கவும். ஸ்வெட்டருக்கு அது முரடு. ஆனால் தரைவிரிப்பு, பை, ஃபெல்ட் அட்டை, கனத்த கம்பளி ஆகியவற்றுக்கு எங்கள் ரோமத்தைவிடப் பொருத்தமானது. மேச்சேரி, கீழக்கரிசல், வேம்பூர் போன்றவை முடி ஆடுகள். அவற்றில் நூற்கத்தக்க ரோமம் இல்லை.

கழித்துவிட்ட ரோமத்தை என்ன செய்கிறீர்கள்?

வயிற்றடி ரோமத்தைக் கழுவித் தலையணைக்குள் அடைக்கிறோம். சாணம் ஒட்டிய துண்டுகளும் மறுவெட்டுத் துண்டுகளும் தோட்டத்துக்குப் போகும். கம்பளி முழுக்கப் புரதம் என்பதால் தழைச்சத்து மிகுந்தது. மெல்ல மட்குவதால் அது ஒரே மழையில் அடித்துச் செல்லப்படாது. சரிவான பாத்தியில் ஈரத்தையும் பிடித்துவைக்கும். உருளைக்கிழங்கும் முட்டைகோஸும் நடும்போது குழியின் அடியில் ஒரு கைப்பிடி வைத்து, நான்கு விரற்கடை மண்ணால் மூடிவிடுகிறோம். மேலாகப் போட்டால் காய்ந்து காற்றில் பறந்துவிடும். கேரட் பாத்தியில் மட்டும் போடுவதில்லை, கிழங்கு கிளைவிட்டுப் போகிறது.